பரீட்சையும் ஒரு செட்தான்

200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீச்சல் ஃபைனல். என்னிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த 13 வயதுப் பெண் மூன்றாவது டர்னுக்கு, அதாவது சுவரைத் தொட்டுத் திரும்புகிற இடத்துக்கு, வரும்போது ஒரு உடல் நீளம் முன்னால் இருந்தாள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அவளுடைய இடது கை முதலில் பட்டது. வலது கை கொஞ்சம் தாமதித்து வந்து சேர்ந்தது. டர்ன் ஜட்ஜ் கையைத் தூக்கிவிட்டார். அவளுக்கு அது தெரியாது. கடைசி 50 மீட்டரை உயிரைக் கொடுத்து நீந்தி, முதல் ஆளாகச் சுவரைத் தொட்டு, தண்ணீரில் இருந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிறிது நேரத்தில் டிஸ்குவாலிஃபை என்று அறிவித்தார்கள்.

நான் செய்த முதல் காரியம் கத்தியது. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? டயர்டா இருக்கும்போதுதான் கை பிரியும்னு சொன்னேனா இல்லையா?" அவள் அழவில்லை. "சுவர் எப்ப வந்துச்சுன்னே தெரியல சார்" என்றாள். பக்கத்தில் துண்டோடு நின்ற அவளுடைய அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "மூணு நாளா ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சா சார். நேத்துதான் பரீட்சை முடிஞ்சுது."

அந்த மூன்று நாளும் காலை 5 மணிக்கு அவள் குளத்தில் இருந்தாள். என் கணக்கில் அது டேப்பர் வாரம். போட்டிக்கு முன்னால் தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேற விடுகிற வாரம். 4000 மீட்டரை 2000 ஆக்கியிருந்தேன், பிள்ளை நன்றாக ஓய்வெடுத்து வந்திருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த ஓய்வு முழுவதையும் பரீட்சை எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியவே இல்லை. தெரியாததற்குக் காரணம், நான் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பள்ளிக்கூடம் அவர்கள் பாடு, குளம் என் பாடு. பள்ளிக் கஷ்டத்தைக் குளத்துக்குக் கொண்டுவராதே என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு இடத்துக்கும் போவது ஒரே உடம்பு. கணக்குப் பாடத்தில் களைத்த பிள்ளைக்குக் கால் மட்டும் தனியாகப் புத்துணர்ச்சியோடு வந்து இறங்காது.

இப்போது சீசன் தொடங்கும்போது முதலில் போட்டித் தேதிகளை எழுதுவதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பள்ளி நாட்காட்டியையும் வாங்கி, பரீட்சை, புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாள், ஆண்டு விழா ஒத்திகை எல்லாவற்றையும் பெரிய சார்ட்டில் குறிக்கிறேன். அதற்கு மேல்தான் போட்டிகள். இரண்டும் மோதுகிற வாரங்கள் அப்போதே கண்ணில் படும். மோதினால் என்ன செய்வது என்பதை ஆறு மாதம் முன்பே பேசி முடிக்கலாம். முந்தின நாள் இரவு போனில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாப் போட்டியும் ஒரே எடை இல்லை. உடம்பைத் தயார் செய்து போவது வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான். மற்றவை பயிற்சிக்காக. பரீட்சையோடு மோதுகிற பயிற்சிப் போட்டியை யோசிக்காமல் அடித்துவிடுவேன்.

சார்ட் சுலபம். தினமும் உண்மையைத் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். தண்ணீரில் இறங்கும் முன் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்க ஆரம்பித்தேன். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், நாளைக்குப் பள்ளியில் என்ன இருக்கிறது, எங்கேயாவது வலிக்கிறதா. முதல் இரண்டு மாதம் எல்லோருமே "எட்டு மணி நேரம் சார்" என்றார்கள். கண் சிவந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே எட்டு மணி நேரம்! அப்புறம்தான் உறைத்தது. நான்கு மணி நேரம் என்று உண்மையைச் சொன்ன ஒரு பையனை அன்றைக்கு வெளியே உட்கார வைத்திருந்தேன். அவன் நல்லதுக்குத்தான் செய்தேன். ஆனால் பிள்ளைகள் பார்வையில் அது தண்டனை. நண்பர்கள் எல்லாம் தண்ணீரில் இருக்க, உண்மை சொன்னவன் பெஞ்சில். அடுத்த நாள் எவன் உண்மை சொல்வான்?

அதனால் மாற்றினேன். தூக்கம் குறைந்தவர்களும் எல்லோருடனும் இறங்குவார்கள், அதே லேனில்தான் இருப்பார்கள், வேலை மட்டும் வேறு. 100 மீட்டர் பத்து தடவை என்று செட் (ஒரு தொகுதிப் பயிற்சி) ஓடும்போது இவர்கள் 50 மீட்டர் பத்து தடவை, மெதுவாக, ஸ்ட்ரோக்கை, அதாவது கை வீச்சை, எண்ணிக்கொண்டு. ஒரு மாதத்தில் பதில்கள் மாறின. ஒருத்தி "அஞ்சு மணி நேரம் சார், தம்பி ராத்திரி பூரா அழுதான்" என்றாள். அந்தப் பதில் கிடைத்த அன்றுதான் நான் சரியாகக் கேட்கக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன்.

பரீட்சை வாரத்தில் குளத்துக்கே வராதே என்று சொல்வதில்லை, அது தனிக் கதை. சில பிள்ளைகளுக்குத் தண்ணீர்தான் மூச்சு விடுகிற இடம். ஒரு வாரம் முழுக்க விட்டுவிட்டு வந்தால் தண்ணீரைக் கை பிடிக்கிற உணர்வும் போய்விடும், திரும்ப வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் 40 நிமிட செட் ஒன்று வைத்திருக்கிறேன். 300 மீட்டர் வார்ம் அப். 50 மீட்டர் எட்டு தடவை, டிரில் (நீச்சல் முறையைத் திருத்துகிற பயிற்சி) மட்டும். பிறகு 25 மீட்டர் ஆறு தடவை, முழு வேகத்தில், நடுவில் தாராளமாக ஓய்வு. ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து நான்கு டைவ். 200 மீட்டர் மெதுவாக நீந்தி வெளியே. மொத்தம் 1100 மீட்டர்கூட வராது. வேகம் மறக்காது, உடம்பும் வற்றாது. நேரம் ஆனதும் நானே விரட்டிவிடுவேன். மாலையில் மட்டும்தான், காலையில் கிடையாது.

காலைப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோரோடு எனக்கு அதிகம் சண்டை வந்தது அதில்தான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. காலை 5 மணிக்குத் தண்ணீரில் இருக்க 4:15-க்காவது எழ வேண்டும். 8 மணி நேரம் தூங்க இரவு 8:15-க்குப் படுக்க வேண்டும். மாலைப் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகவே 7 மணி. சாப்பாடு, வீட்டுப்பாடம், குளியல். இந்தக் கணக்கு எந்த வீட்டிலும் சேராது. வாரம் ஆறு காலை என்று இருந்ததை மூன்றாக்கினேன்.

ஒரு அப்பா நேராகவே வந்து கேட்டார். "மத்த பசங்க எல்லாம் தினமும் ரெண்டு வேளை நீந்துறாங்க சார். இவன் மட்டும் பின்னாடி தங்கிடமாட்டானா?" நான் பையனின் நோட்டைக் காட்டினேன். ஆறு காலை வந்த மாதத்தில் காலை செட்களில் அவனுடைய டைமிங்கும் பின்னால் குறைத்த மாதத்தில் வந்த டைமிங்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முன்னது வாரம் போகப் போக ஏறிக்கொண்டே போயிருந்தது, அதாவது அவன் மெதுவாகிக்கொண்டே போயிருந்தான். அவர் நீண்ட நேரம் பார்த்தார். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "சரி, ரெண்டு மாசம் பாப்போம்" என்றார். அவ்வளவு போதும் எனக்கு. எல்லாப் பிள்ளைக்கும் இதே விடை என்றும் இல்லை. இரவு 8 மணிக்கே தூங்கிவிடும் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்குக் காலைதான் பொருந்தியது.

ரேஸ் நாளைப் பற்றி நிறையச் சொல்லலாம், பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். புது காகிள்ஸ், புது நீச்சல் உடை எதையும் அன்று முதல் முறையாகப் போடாதே. வார்ம் அப் முடிந்ததும் உடம்பை உலர்த்தி, காலுறை, ஜாக்கெட் போட்டுக்கொள். ஈரத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் செய்த வார்ம் அப் வீண். ரேஸ் முடிந்தால் மெதுவாகச் சில நூறு மீட்டர் நீந்திவிட்டுத்தான் கேலரிக்குப் போக வேண்டும். காலையில் ஹீட் (தகுதிச் சுற்று), மாலையில் ஃபைனல் என்றால் நடுவில் உள்ள நேரம்தான் ஆளைக் கொல்லும். ஒரு பெண் அந்த நேரத்தில் அறிவியல் புத்தகத்தை விரித்துவிட்டாள். பிடுங்கி வைக்கத்தான் முதலில் கை போனது. அவள் முகத்தைப் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து, ரேஸுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு புத்தகத்துக்கு அனுமதி.

காகிள்ஸில் தண்ணீர் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு இதுதான் நடந்தது. கண் தெரியாமல், ஸ்ட்ரோக்கை எண்ணிச் சுவரைக் கண்டுபிடித்து, உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எனக்கு அதில் பிடித்தது அந்த எண்ணிக்கை. ஒவ்வொரு நீச்சல் வகையிலும் 25 மீட்டருக்குத் தனக்கு எத்தனை கை வீச்சு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபினிஷுக்கு வேறொரு கதை வைத்திருக்கிறேன். 1988 சியோல் ஒலிம்பிக், 100 மீட்டர் பட்டர்ஃப்ளை. முன்னால் போய்க்கொண்டிருந்த அமெரிக்கர் மாட் பியாண்டி சுவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை போடாமல் மிதந்து தொட்டார். சுரினாமின் ஆன்டனி நெஸ்டி 53.00 நொடியில் முந்திவிட்டார். பியாண்டிக்கு 53.01. இதைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு செட்டின் கடைசி 5 மீட்டரை மட்டும் பார்ப்பேன். யார் தலையைத் தூக்குகிறார்கள், யார் மிதக்கிறார்கள் என்று. பயிற்சியில் மிதந்து தொடுகிறவன் ரேஸிலும் அப்படித்தான் தொடுவான்.

ரேஸ் முடிந்து வருகிற பிள்ளையிடம் பேசுவதில்தான் நான் அதிகம் தப்பு செய்திருக்கிறேன். இப்போது முதல் பத்து நிமிடம் டைமிங்கைப் பற்றிப் பேசுவதில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்பேன். அப்புறம் தாளை எடுப்போம். ஒரு பையனின் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 50 மீட்டர் ஸ்ப்ளிட்கள், அதாவது ஒவ்வொரு 50 மீட்டருக்கும் ஆன நொடிகள்: 34.2, 39.1, 41.0, 38.7. மொத்தம் 2:33.0. "கடைசில நல்லா அடிச்சேன் சார்" என்றான். உண்மைதான். ஆனால் மூன்றாவது 50-இல் செத்துப் பிழைத்திருக்கிறான். முதல் 50-இல் 35.5-க்கு மேல் மெதுவாகப் போ என்று சொன்னால், எந்தப் பையனும் ஒத்துக்கொள்ள மாட்டான். பக்கத்து லேன்காரன் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம்! ஆறு வாரம் அதை மட்டும் பழகினோம். அடுத்த போட்டியில் 35.6, 38.0, 38.4, 37.1. மொத்தம் 2:29.1. முதல் நூறு மீட்டரில் அவன் இழந்தது வெறும் 0.3 நொடி. அடுத்த நூறில் லாபம் 4.2 நொடி. தாளில் அவனே கூட்டிப் பார்த்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

வளருகிற வயதில் இன்னொரு சங்கடம். பேக் ஸ்ட்ரோக்கில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேலே கொடிகள் கட்டியிருக்கும். கொடியைக் கடந்ததும் இத்தனை கை போட்டால் சுவர் என்று எண்ணி வைத்திருப்பார்கள். ஒரு பையன் கோடை விடுமுறைக்குப் பிறகு நெடுநெடுவென வளர்ந்து வந்தான். பழைய எண்ணிக்கையிலேயே போய்த் தலையை நங்கென்று இடித்துக்கொண்டான். நல்லவேளை, வீக்கத்தோடு போயிற்று. கை நீண்டுவிட்டது, எண்ணிக்கை ஒன்று குறைந்துவிட்டது, நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. இப்போது மாதம் ஒருமுறை எல்லோரும் திரும்ப எண்ணுவார்கள். உடம்பு இப்படி மாறும்போது டைமிங் நின்றுபோவதும் உண்டு, சில மாதம் பின்னால் போவதும் உண்டு. 11 வயதில் எல்லோரையும் ஜெயித்த பெண் 14 வயதில் அதே டைமிங்கில் நிற்பாள். அவளிடம் இன்னும் கடுமையாக உழை என்று சொல்வது பெரிய பாவம். டர்ன், ஸ்டார்ட், தண்ணீருக்கடியில் கிக் என்று உடம்பு அளவைச் சாராத வேலைகளைக் கொடுத்து அந்தக் காலத்தைக் கடத்த வேண்டும். பெண் பிள்ளைகளின் மாதவிடாய் விஷயத்தில் என்னைப் போன்ற ஆண் கோச்சிடம் அவர்கள் பேசத் தயங்குவார்கள். குழுவில் ஒரு பெண் பயிற்சியாளர் இருப்பதும், "இன்னிக்கு லைட்டா பண்றேன் சார்" என்றால் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் இருப்பதும் போதும்.

தோள்பட்டை வலியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளங்கையால் தோள் முழுவதையும் தடவிக் காட்டினால் களைப்பாக இருக்கலாம். ஒரே ஒரு விரலை வைத்து இங்கேதான் என்று காட்டினால் அன்றே பேடிலை (கையில் மாட்டி நீந்துகிற பயிற்சித் தட்டை) கழற்றிவிட்டு மருத்துவரிடம் அனுப்புவேன். ஒரு பையனுக்கு வலது தோள் இரண்டு மாதமாக ஆறவில்லை. தூரத்தைக் குறைத்தோம், உடற்பயிற்சியை மாற்றினோம். ஒருநாள் பள்ளியிலிருந்து நேராகக் குளத்துக்கு வந்தான். செங்கல் சூளையையே சுமந்து வருகிற மாதிரி ஒரு புத்தகப் பை, ஒரே வாரில், அந்த வலது தோளில். இரண்டு வாரையும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அது மட்டுமே குணமாக்கியது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பிறகுதான் ஆறத் தொடங்கியது.

செட்களைக் குறைத்ததில் எனக்குத் தெரியாமல் ஒரு ஆபத்தும் வந்தது. நேரம் மிச்சமானதும் பையன்கள் பந்தயம் கட்டத் தொடங்கினார்கள்: தண்ணீருக்கடியில் யார் அதிக தூரம். இறங்கும் முன் ஒருவன் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து வயிறு கலங்கிவிட்டது. அப்படிச் செய்தால் உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வே தாமதமாகும். அதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். என் குளத்தில் மூச்சுப் பந்தயம் கட்டினால் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. நான் வைத்திருக்கும் ஒரே தண்டனை இதுதான்.

எல்லோரையும் காப்பாற்றிவிட்டேன் என்று இல்லை. மிகத் திறமையான ஒரு பையன் பத்தாம் வகுப்பில் விட்டுவிட்டான். அவனுக்கு நான் சார்ட் போட்டேன், பள்ளிக்கு இரண்டு முறை நடந்தேன், வகுப்பாசிரியரிடம் பேசினேன். கடைசியில் அவனே வந்து, "எனக்குப் பிடிக்கல சார். ரொம்ப நாளாவே பிடிக்கல" என்றான். பரீட்சையை நான் சாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவன் சொல்ல வந்தது வேறு. அதையும் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

முதலில் சொன்ன பெண் இப்போது 15 வயது. போன மாதம் அதே 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். மூன்றாவது டர்னில் நான் ஸ்டாப்வாட்ச்சைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தே பட்டன. நான்காவதாக வந்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து, டைமிங்கைக்கூடக் கேட்காமல், "சார், திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் வரமாட்டேன். பிசிக்ஸ் இருக்கு" என்றாள். சார்ட்டில் அதை ஏற்கெனவே குறித்துவிட்டதாகச் சொன்னேன்.